"பைதான்தான் எல்லா மெஷினிலும் இருக்கிறதே!" பேக்கேஜ் மேனேஜரை, அதாவது மென்பொருள்களை நிறுவி, நீக்கித் தரும் கருவியை, பைதான் மொழியில் எழுதுகிறவர்கள் சொல்லும் காரணம் இது.

போன வாரமும் ஒரு சர்வர். 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துபோன சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ். யாரோ தன் ஸ்கிரிப்டுக்குப் பைதான் 3 வேண்டும் என்று, பைதான் என்ற பெயரில் இருந்த சிம்லிங்கை (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பை) 3-க்குத் திருப்பிவிட்டார். அடுத்து, அங்கே பேக்கேஜ் மேனேஜராக இருக்கும், பைதான் 2-இல் எழுதிய யம் கமாண்டைத் தட்டியதும், "எக்செப்ட் கீபோர்டுஇன்டரப்ட், ஈ" என்ற வரியைக் காட்டி, சின்டாக்ஸ் எரர் என்று நின்றுவிட்டது. அந்த ஒற்றைக் கமா பைதான் 2-இன் இலக்கணம். 3 அதை ஏற்காது. இணைப்பைப் பழையபடி திருப்பியதும் யம் ஓடியது. ஆனால் இதே கோளாறுக்காக எத்தனை இரவு கண்விழித்திருக்கிறேன்!

மாற்றியவரைத் திட்டிப் பயனில்லை. புதிதாகப் பேக்கேஜ் மேனேஜர் எழுதுகிறவர்களிடம்தான் எனக்குப் பேச்சு.

"டீமுக்குப் பைதான் தெரியும், எல்லா மெஷினிலும் அது இருக்கிறது" என்கிறார்கள். இருக்கிறது, சரி. எந்தப் பைதான்? எந்த வெர்ஷன்? அதை அப்கிரேடு செய்யப்போவது யார்? நீங்கள் எழுதும் அதே கருவிதானே! நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை இது. பாதி லைப்ரரி புதியது, பாதி பழையது என்ற நிலையில் மின்சாரம் போனால், பைதானைச் சரிசெய்யப் பேக்கேஜ் மேனேஜர் வேண்டும், பேக்கேஜ் மேனேஜர் ஓடப் பைதான் வேண்டும். ஜென்டூ லினக்ஸில் பைதானைக் கெடுத்துக்கொண்டு, அதன் பேக்கேஜ் கருவியான எமர்ஜ் ஓடாமல் தவித்தவர்களைக் கேளுங்கள். இதற்காகவே ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்இஎல் 8 லினக்ஸில் சிஸ்டம் கருவிகளுக்கென்று பிளாட்ஃபார்ம் பைதானைத் தனியாக ஒதுக்கினார்கள். ஃபெடோரா 41 லினக்ஸில் வந்த பேக்கேஜ் மேனேஜர் டிஎன்எஃப்5 சி++ மொழிக்கே போய்விட்டது. பைதான் மோசமான மொழி என்று நான் சொல்லவில்லை. தினமும் அதில்தான் எழுதுகிறேன். கருவி தானே நிறுவுகிற ஒன்றை நம்பித் தான் ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடுவதற்காகப் பேக்கேஜுக்குள் வைக்கும் ஸ்கிரிப்டுகள். "அவற்றை எழுத, கமாண்டுகளை ஓட்டும் ஷெல் போதுமே" என்பவர்களுக்கு: எந்த ஷெல்? டெபியனில் 2011-இலிருந்து எஸ்ஹெச் என்று அழைத்தால் ஓடுவது டாஷ் என்ற ஷெல். உங்கள் லேப்டாப்பில் பேஷ். இஃப் நிபந்தனையில், பேஷில் செல்லுபடியாகும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டிருந்தால், டாஷ் "நாட் ஃபவுண்ட்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, நிபந்தனை பொய் என்றே எடுத்துக்கொண்டு மேலே போகும். பிழை வந்தால் நிற்கச் சொல்லும் செட் -ஈ போட்டிருந்தாலும் நிற்காது. நிறுவும்போது இப்படி என்றால் தேடியாவது பிடிக்கலாம். நீக்கும் ஸ்கிரிப்ட் தோற்றுப்போனால் பேக்கேஜைக் கழற்றவும் முடியாது.

ரெட் ஹேட் வகை லினக்ஸ்களில் பேக்கேஜை நிறுவும் ஆர்பிஎம் எனக்குப் பிடிப்பது இங்கேதான். லுவா என்ற சிறு மொழியின் இன்டர்பிரெட்டரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெறும் டிஸ்கில், மற்ற நிரல்களுக்கு அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி இறங்கும் நேரத்தில் ஷெல்லே இருக்காது, லுவா ஓடும். மொழி எதுவானாலும் இப்படி உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், ஸ்கிரிப்டுக்கு வேலையே குறையட்டும். யூசர் அக்கவுன்ட், டைரக்டரி இதற்கெல்லாம் கோடு எதற்கு? லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி போல ஒரு வரி அறிவிப்பு போதும். டிபென்டன்சி (தேவைப்படும் பிற பேக்கேஜ்கள்) பட்டியலைத் தெரிந்துகொள்ளவே கோடை ஓடவைக்காதீர்கள். பைதான் பேக்கேஜ்களின் செட்டப்.பிஒய் ஸ்கிரிப்ட் காலத்தில் அந்தப் பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. முன்பின் தெரியாதவர் எழுதியதை ரூட் என்ற முழு உரிமையோடு ஓட்டுகிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெளியிடும் முன் ஒரு கன்டெய்னரில் பைதானை முழுதாக நீக்குங்கள். பிறகு உங்கள் கருவியிடமே பைதானை நிறுவச் சொல்லிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையையாவது தயவுசெய்து செய்துவிடுங்கள்.