டவர் ஃபுல், ஆனால் நெட் ஏன் நகரவில்லை?

“திருவண்ணாமலை தீபத்துக்குப் போயிருந்தோம். ஃபோனில் டவர் ஃபுல்லாகக் காட்டியது. ஆனாலும் ஒரு வீடியோகூட வாட்ஸ்அப்பில் போகவில்லை. ஃபோனில் பேச மட்டும் முடிந்தது. ஏன்?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

டவர் அனுப்பும் அடையாள அலை உங்கள் கைக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. அதே டவரை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

பழைய 2ஜி அழைப்பில், பேசி முடிக்கும்வரை உங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் மௌனமாக இருந்தாலும் அது உங்களுடையதுதான். டேட்டா அப்படிப் போவதில்லை. படமோ பாட்டோ சிறு பொட்டலங்களாக உடைந்து, ஒவ்வொன்றும் முகவரியோடு தனித்தனியாகப் பயணம் போகிறது. அமெரிக்காவில் பால் பேரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் 1960களில் தனித்தனியே கண்ட வழி இது. 2000 வாக்கில் ஜிபிஆர்எஸ் என்ற தொழில்நுட்பம் இதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. பொட்டலம் இருக்கும்போது மட்டும் இடம் கொடுத்தால் போதும்.

அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைவரிசை, ஒவ்வொரு மில்லி விநாடியிலும் 100 துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு விநாடிக்கு 1 லட்சம் துண்டுகள். ஒவ்வொன்றும் யாருக்கு என்பதை டவரிலுள்ள கணினி அந்தந்தக் கணமே முடிவு செய்கிறது. அதற்காகவே டவரோடு இணைப்பில் இருக்கும் ஃபோன்கள், தமக்கு வரும் அலையின் தரத்தை 0 முதல் 15 வரை ஓர் எண்ணாகச் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

தரம் அதிகமுள்ளவருக்கே கொடுத்தால், டவரடியில் நிற்பவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வார். வரிசைப்படி கொடுத்தால், ஒருவருக்கு அலை மோசமாக இருக்கும் நேரத்திலும் துண்டு அவருக்குப் போய் வீணாகும். 1999 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சே, கைப்பேசிச் சிப் நிறுவனமான குவால்காமின் பொறியாளர்களோடு பணியாற்றியபோது ஓர் எளிய விதியைத் தந்தார்: இந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய வேகத்தை, அண்மையில் சராசரியாகக் கிடைத்த வேகத்தால் வகு. ஈவு யாருக்கு அதிகமோ அவருக்கே துண்டு.

அருகிலிருக்கும் ஃபோனுக்கு இப்போது விநாடிக்கு 40 மெகாபிட் கிடைக்கும், சராசரி 20 என்று வையுங்கள். ஈவு 2. தொலைவிலிருப்பதற்கு இப்போது 6, சராசரி 2. ஈவு 3. துண்டு தொலைவில் இருப்பவருக்கே போகிறது! வாங்கியதும் அவர் சராசரி ஏறும், ஈவு இறங்கும். காத்திருப்பவரின் சராசரி இறங்க இறங்க ஈவு ஏறும். யாரும் பட்டினி கிடப்பதில்லை.

1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 செ.மீ. சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விடுவதால், ஃபோனை நாலைந்து செ.மீ. நகர்த்தினாலே வரவு ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பொறியாளர்கள் காலங்காலமாகத் தொல்லையாகவே பார்த்தார்கள். சேயின் விதியோ ஒவ்வொருவரையும் அவரவர் உச்சத்தில் பிடிக்கிறது. 2002இல் பிரமோத் விஸ்வநாத், சே, ராஜீவ் லரோயா மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள். அசையாத ஃபோனுக்கு ஏற்ற இறக்கமே இல்லையென்றால், டவரிலுள்ள இரண்டு ஆன்டெனாக்களைக் கொண்டு அதை வேண்டுமென்றே உண்டாக்கலாம் என்று காட்டினார்கள். தொல்லையைத் தேடிப்போய் வரவழைக்கும் அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

இப்படிப்பட்ட யோசனைகள் தாளும் பேனாவும் பல வருட நிதானமும் உள்ள இடத்தில்தான் பிறக்கும். சென்னை ஐஐடி தலைமையில் சுமார் 220 கோடி ரூபாயில் உருவான 5ஜி சோதனைக் களம் 2022இல் திறக்கப்பட்டது பெருமைக்குரியது. அதோடு, ஆய்வு மாணவர்களுக்கு மாதாமாதம் தவறாமல் உதவித்தொகை போய்ச் சேரவேண்டும் என்பேன். கணிதம் அங்கேதான் நடக்கிறது.

இனி தீபத்துக்கு வருவோம். 1 லட்சம் துண்டுகள் என்பது பெரிய எண்தான். ஆனால் ஒரே டவரின் கீழ் ஆயிரக்கணக்கானோர் வீடியோ அனுப்ப முயன்றால் தலைக்கு என்ன மிஞ்சும்? பக்கத்து டவர்களும் நிரம்பி வழிவதால் அவற்றின் அலைகள் குறுக்கிட்டு, தர எண்ணையும் இறக்கிவிடுகின்றன. கோடுகளில் இது தெரியாது. 4ஜி குரல் அழைப்புக்கோ விதிப்படியே முன்னுரிமை உண்டு, இடமும் குறைவாகவே தேவை. அதனால்தான் வாசகியால் பேச முடிந்தது.

ஃபோனின் முதுகில் ஒட்டினால் சிக்னல் கூடும் என்று ஸ்டிக்கர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். மின்சாரமே இல்லாத அந்தத் தாளால் எந்த அலையையும் பெருக்க முடியாது. பெருக்கினாலும், கூட்டத்தில் உங்கள் பங்கைத் தீர்மானிப்பது டவர்.

உண்மையில் உதவுவது, லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர்தான். தாழ்வாக, முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் அதன் அலை தெருவைத் தாண்டிப் போய்ப் பிறரைக் கெடுக்காது. அந்தத் தெருவுக்கென்று விநாடிக்கு இன்னொரு 1 லட்சம் துண்டுகள் கிடைக்கும். அது இல்லாத ஊரில், வந்து சேர்ந்துவிட்டோம் என்று வீட்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஓரிரு பொட்டலம்தான், போய்விடும். வீடியோவைக் கூட்டம் கலைந்தபின் அனுப்பலாம்.