இனிஷியலைக் குடும்பப் பெயர் ஆக்காதீர்கள்

கண்டியில் வாங்கிய தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட்டில் 'முத்தையா' என்றிருந்ததைப் பேனாவால் அடித்து, மேலே 'முத்துசாமி' என்று எழுதி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஆதாரோடு பொருந்த வேண்டுமாம். இத்தனை வருஷம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த காகிதம், வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும் நேரத்தில் வீட்டிலேயே பாழானது. பெயர் வித்தியாசத்தை விளக்கிவிடலாம். அடித்துத் திருத்தியதை எந்தத் தாசில்தாரிடம் விளக்குவது? கோத்தகிரி, குன்னூர், பந்தலூர் என்று எங்கிருந்தும் இப்படி வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அதைவிட எரிச்சலூட்டும் கேள்வி ஒன்று உண்டு: "சார், எங்க சர்நேம் ஏன் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுது? யார் தப்பா எழுதினது?" யாரும் தப்பாக எழுதவில்லை. உங்களுக்குச் சர்நேமே கிடையாது. கருப்பையா மகன் ராமன், ராமன் மகன் செல்வம். பாஸ்போர்ட் படிவத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருப்பதால் அதில் அப்பா பெயரை நிரப்புகிறோம். ஆகவே செல்வத்தின் சர்நேம் ராமன், ராமனின் சர்நேம் கருப்பையா. அப்பாவுக்கும் மகனுக்கும் வேறாக இருப்பதுதான் இங்கே சரி. ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் இது தெரியாமல் 'ராமன் குடும்பம்' என்று இணையத்தில் தேடி, சம்பந்தமில்லாத ராமன்களையெல்லாம் பெரியப்பா ஆக்கிவிடுகிறார்கள். பெண்கள் பெயரில் இன்னொரு சிக்கல்: கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். பாட்டி ஒருத்திதான், ஆவணத்தில் இரண்டு பேர்.

நீலகிரியின் படகர் குடும்பங்களில் ஊர்ப் பெயரும் சேரும். எச்.ஜே. பெள்ளி கவுடரின் மகன் எச்.பி. ஆரி கவுடர். 'எச்' ஊர், ஹுப்பதலை. அது அப்படியே நிற்கிறது. அடுத்த எழுத்து அப்பா பெயர் என்பதால் மாறுகிறது. அந்த ஊரே அரசுப் பதிவில் உபதலை என்று வரும். மரியாதைக்குச் சேர்ந்த 'கவுடர்' ஒரு தாளில் இருக்கும், மறு தாளில் இருக்காது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் விஷயம் இன்னும் கடினம். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியா ஏற்க வேண்டியிருந்தவர்கள் 5,25,000 பேர். முடிவாகாமல் நின்ற 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தோட்டத்தில் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய பெயரை இங்கே வேறொருவர் மறுபடி தமிழாக்கினார். முத்தையா, முத்தய்யா, முத்தியா மூவரும் ஒருவர்தான்.

ஆகவே பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். அப்பா பெயர், மனைவி பெயர், வயது, தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு) எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிடுங்கள். மனுவில் 'முத்தையா என்கிற முத்துசாமி' என்று இரண்டையும் போட்டு, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்று எழுதுங்கள். மறைத்தால்தான் வம்பு. பழைய தாளில் பேனா வைக்கவே கூடாது, லேமினேட்டும் வேண்டாம். 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள்: பதிவாளரே பழைய பதிவை அழிக்க முடியாது, ஓரத்தில்தான் திருத்தம் எழுதலாம். அவருக்கே இல்லாத உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? இறந்த தாத்தாவுக்குக் கெசட்டில் பெயர் மாற்றலாமா என்றும் கேட்காதீர்கள்.

இறப்புப் பதிவில் கவனம். துக்க வீட்டு அவசரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். பதிய 21 நாள் அவகாசம் இருக்கிறது. ஆதாரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு ஆளே போங்கள்.

வீட்டில் இலங்கையில் பிறந்த பாட்டி இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) யார், தாத்தாவின் அப்பா பெயர் என்ன. செல்போனில் பதிவும் செய்யுங்கள். நாமும் காதால் கேட்டுத்தானே எழுதப்போகிறோம்.