ட்ராமா என்றால் அதிர்ச்சியா?

தருமபுரியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம். சிறார் ஏன் தப்பு வழிக்குப் போகிறார்கள் என்பது பேச்சு. பேசியவர் ஆங்கிலத்தின் 'சைல்ட்ஹூட் ட்ராமா' (trauma) என்பதைத் தமிழாக்கி 'குழந்தைப்பருவ அதிர்ச்சி' என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பார். பக்கத்தில் இருந்தவர் "கரண்ட் ஷாக்கா சார்?" என்று என் காதைக் கடித்தார். சிரித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

ட்ராமா கிரேக்கச் சொல், பொருள் காயம். உடம்புக்கு இருந்ததை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனத்துக்கும் கொண்டுபோனார்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து அடிபட்டவரை ட்ராமா வார்டில் சேர்க்கிறோமே, அதே சொல்தான். அதை யாரும் அதிர்ச்சி வார்டு என்பதில்லை.

அதிர்வது ஒரு நொடி. பறை அதிரும், தரை அதிரும், அப்புறம் அடங்கிவிடும். நிறத்தையோ சாதியையோ சொல்லித் தினமும் மட்டம் தட்டப்படும் பிள்ளைக்கு அதில் என்ன அதிர்ச்சி? நாளைக்கும் இதுதான் என்று அவனுக்குத் தெரியும். சிறுவயதுத் துன்பங்களைப் பற்றி அமெரிக்காவில் 1998இல் வெளியான பெரிய ஆய்வு அடி, வசவு, வீட்டில் குடி என்று கேட்டது. பின்னர் பிலடெல்பியாவில் அந்தப் பட்டியலில் இனப் பாகுபாட்டையும் சேர்த்தார்கள். எல்லாமே நாள்கணக்கில் அறுப்பவை. அறுபட்ட இடத்தில் கை பட்டால் தட்டிவிடத்தான் தோன்றும். வகுப்பில் ஒரு சொல் பொறுக்காமல் கைநீட்டுகிற பையனைப் புரிந்துகொள்ளக் 'காயம்' உதவுகிறது, 'அதிர்ச்சி' உதவாது.

நம் மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தையே எடுங்கள். 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் சூறையாடியபோது தாய்மாரோடு பிள்ளைகளும் சிறைக்குப் போனார்கள். தீர்ப்பு வர 2011 ஆனது. பத்தொன்பது வருஷம் ஒருவர் அதிர்ந்துகொண்டே இருக்க முடியுமா?

என் ஓட்டு 'மனக்காயம்'. காயம் தமிழே அல்ல, 'மனப்புண்' என்று எழுது என்று புலவர் நண்பர் சண்டைக்கு வருவார். ஆனால் 'மனம் புண்பட்டது' அரசியல்வாதிகள் வாயில் தேய்ந்துபோன சொல். 'மனவடு'வும் சரியில்லை, வடு என்றால் ஆறிவிட்டது என்று பொருள்.

அதே கூட்டத்தில் 'இளம் குற்றவாளி'யும் வந்தது. சிறார் நீதிச் சட்டம் 2000இலேயே அதை விட்டு 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்' என்ற வழிக்கு வந்துவிட்டது. நீளம்தான், நாக்கில் சிக்குகிறதுதான். மொழிபெயர்ப்பவர் கை மட்டும் பழையதற்கே போகிறது; விசாரணை தொடங்குமுன்பே பதினைந்து வயசுப் பையன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.