வீட்டுக்கு வரும் சர்க்கரை மாத்திரை ஏன் பாதியில் நின்றுபோகிறது?

புதுச்சேரியில் பெரியவர்கள் நூறு பேரில் 26 பேருக்குச் சர்க்கரை, தமிழ்நாட்டில் 14 பேருக்கு. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்லும் கணக்கு இது. அதே ஆய்வின் முதல் கட்டத்தில், 2008–10 வாக்கில், தமிழ்நாட்டுக்கு வந்த எண் 10.4 சதவீதம். இதைவிட உறுத்துவது வேறு: 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மாத்திரை இலவசம்தான். மாதம் தவறாமல் கைக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாடு. அதற்காக 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய, வீடு தேடி மாத்திரை தரும் திட்டம்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’.

பலர் ஏமாறும் முதல் இடம் விரல்குத்துப் பரிசோதனை. திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். சர்க்கரை அளவு 140-க்கு மேல் காட்டினால் “பிஎச்சிக்குப் போங்க”, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க என்கிறார். ரத்தம் கொடுத்தவரோ பெயர் பதிவாகிவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே மாத்திரைக்குக் காத்திருக்கிறார். 140 என்பது சந்தேகம் மட்டுமே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் 126 அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 200 தொட்டால்தான் சர்க்கரை என்று முடிவு செய்வார்கள். மருத்துவர் எழுதிய பிறகே பெயர் பட்டியலில் ஏறும். காலையில் எதுவும் சாப்பிடாமல் சீக்கிரம் போய்விடுங்கள், இட்லியை டப்பாவில் கையோடு எடுத்துப் போங்கள். டீ குடித்துவிட்டுப் பதினோரு மணிக்குப் போனால் “நாளைக்கு வாங்க” என்ற பதில்தான் கிடைக்கும். ஒரு நாள் கூலி போச்சு. கிளம்பும்முன் “என் பெயர் எந்தத் துணை சுகாதார நிலையத்தில் ஏறியிருக்கு?” என்று கேட்டு, பதிலை உங்கள் சிகிச்சை நோட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது வயது. வீடு தேடி மாத்திரை தருவது 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும்தான். 38 வயதுக்காரரிடம் “உங்களுக்கு இல்லை” என்று சொன்னால், மாத்திரையே கிடையாது என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இல்லாதது வீட்டு விநியோகம் மட்டுமே. பிஎச்சியில் நேரில் போய் வாங்க அந்த வயது வரம்பு கிடையாது. இதை ஒரு வரியில் விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது.

கடலூர்–புதுச்சேரி எல்லைக்காரர்கள் பாடு தனி. கடலூர்ப் பக்கம் ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயிலில் கம்பெனி வேலை என்றால், தன்னார்வலர் வரும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். அவர் எண்ணை வாங்கி, மாத்திரையை யாரிடம் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புதுச்சேரியில் பாகூர் பக்கம் வாடகைக்குக் குடிபோய்விட்டால் கதையே வேறு. இது தமிழ்நாட்டுத் திட்டம், கடலூர்ப் பட்டியல் எல்லை தாண்டி வராது. குடிபோன வாரத்திலேயே பழைய நோட்டோடு அங்குள்ள பிஎச்சிக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைச் சீட்டோடு கடலூர் பிஎச்சிக்கு வருபவர்கள் கவனியுங்கள். வெளிச்சீட்டைக் காட்டி மருந்துக் கவுண்டரில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். முதலில் ஓபி சீட்டு போட்டு, அங்குள்ள மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான். பழைய சீட்டில் மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு என்ற இரண்டு சர்க்கரை மருந்துகளும் ஒரே மாத்திரையாக இருக்கலாம், இங்கே தனித்தனியாகத் தருவார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும். சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, மதியத்துக்குள் வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். புது மாத்திரை வந்த அன்றே பழைய அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்சுலினிலும் இதே குழப்பம். அரசு மருத்துவமனையில் பொதுவாகத் தரும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 ஊசிதான் பொருந்தும். கடையில் ஆரஞ்சு மூடி 100 ஊசியைக் கொடுத்துவிட்டால், 20 கோடு வரை இழுத்தாலும் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். “ஊசி போட்டும் குறையலையே” என்று வருபவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் நிறம்.

மாத்திரை வாங்க வருமானச் சான்று தேவையில்லை. அதற்காக விஏஓ அலுவலகம் அலையாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, உள்நோயாளிச் சிகிச்சைக்கு உதவும், மாதாந்திர மாத்திரைக்கு உதவாது.

தன்னார்வலர் வரவில்லை என்றால் மாத்திரை தீரும்வரை காத்திருக்காதீர்கள். பத்து நாள் மாத்திரை மீதமிருக்கும்போதே நோட்டோடு பிஎச்சிக்குப் போங்கள். “ஸ்டாக் இல்லை” என்றால் எந்த மாத்திரை, என்று வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, வாசலில் நின்றே 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.