"என்ன, இப்படி இளைச்சுப் போயிட்டே?"

சாப்பாட்டின் அளவைக் குறைக்க ஆலோசனை கேட்டு என்னிடம் வருபவர்களுக்கு முதல் மாதம் பசிதான் பெரும்பாடு. போகப் போக அது பழகிவிடும். அப்புறம் ஆரம்பிப்பது ஊர்வாய். "உடம்புக்கு ஏதும் முடியலையா?", "முகமே வாடிப்போச்சே", "சாப்பிடுற வயசுல எதுக்கு இந்தப் பட்டினி?" பாதியில் விட்டவர்களில் பலர் காரணமாகச் சொல்வது பசியை அல்ல, இந்தப் பேச்சைத்தான்.

கேட்பவர்கள்மேல் கோபம் வேண்டாம். மெலிவு என்றாலே நோய், இல்லாமை என்றுதான் மனம் பழகியிருக்கிறது. சமைத்தவருக்கோ, நீங்கள் "போதும்" என்றால் தன்னையே ஒதுக்கியது போல வலிக்கும். அந்த நேரத்தில் இன்சுலின், கொழுப்பு என்று விளக்கம் சொன்னால், பக்கத்தில் சாப்பிடுபவருக்குத் தன் தட்டைக் குத்திக்காட்டுவதாகவே படும். "நல்லா இருந்துச்சு, வயிறு நிறைஞ்சுருச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலிலேயே கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதோடு, வேகமாகக் காலியாகும் தட்டுதான் மறுபடி நிரப்பப்படும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் காட்டுங்கள். மற்றவர்களுக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

ஆனால் குறைத்துச் சாப்பிடுவதன் பலனை நீங்களும் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. உணவைக் குறைத்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிளைவ் மெக்கே 1935-லேயே காட்டினார். மனிதர்களிடம் அமெரிக்காவில் 2 ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. உடல்பருமன் இல்லாதவர்களிடம் 25 சதவீதம் கலோரியைக் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாகக் குறைத்தது ஏறக்குறைய 12 சதவீதம்தான். அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைந்தது. ஆயுள் கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் இதில் இறங்கவே கூடாது. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு அளவை மாற்றக் கூடாது.

சில நேரம் குறை சொல்பவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். பி.எம்.ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 18.5-க்குக் கீழே போவது, மாதவிடாய் நிற்பது, எப்போதும் குளிர்வது, தலைசுற்றுவது, நாள் முழுக்க உணவைப் பற்றியே நினைப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு பெண்ணின் எடைக் கணக்கைப் பார்த்து மாதாமாதம் பாராட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவருடைய அக்கா கூடவே வந்தார். "இவ இப்பல்லாம் எங்களோட உக்காந்து சாப்பிடுறதே இல்லைங்க" என்றார். நான் எழுதி வைத்திருந்த எண்களில் அது இல்லை. அன்றைக்கே அளவைக் கூட்டச் சொன்னேன், மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். அதற்குப் பிறகு வருகிற எல்லோரிடமும், எடை பார்ப்பதற்கு முன்பே, "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறேன்.