கெல்வின் எண் நம் கண்ணுக்கு, செடிக்குக் கணக்கு வேறு

பெரம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எதிரே புதுக் கட்டடம் எழும்பியதிலிருந்து பால்கனிக்கு வெயில் வருவதில்லை. துளசி நாற்றும் அரைக்கீரையும் தண்டு மெலிந்து, நீண்டு, சாய்ந்துவிடுகின்றன. உள்ளே ட்யூப்லைட் போட்டு வளர்க்கலாம் என்று கடைக்குப் போனால் 2700 வேணுமா, 6500 வேணுமா என்கிறார்கள். எது நல்லது? துளசி வாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் வேறு கவலைப்படுகிறார்."

6500 வாங்குங்கள். மாமியாரிடம் சொல்லுங்கள், துளசி வாடுவது வெளிச்சம் போதாததால்தான். செடி வாடியதற்கு மருமகள் மேல் பழி போடும் வீடுகள் இன்னமும் இருப்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

அந்த எண் என்ன? ஒரு பொருளைச் சூடாக்கிக்கொண்டே போனால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் நீலம் கலந்த வெள்ளையாகும். 6500 கெல்வின் (வெப்பநிலையை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்தில் ஒளிரும் பொருளின் நிறம் பகல் வெளிச்சத்தை ஒத்தது. ட்யூப்லைட் அவ்வளவு சூடாவதில்லை. பழைய குண்டு பல்புக்குள் இருந்த டங்ஸ்டன் இழையே 3700 கெல்வினுக்குள் உருகிவிடும். குழாய்க்குள் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. உள்சுவரில் பூசிய ஒளிர்பொடிகள் அதை நீலம், பச்சை, சிவப்பு என்று மாற்றித் தருகின்றன. நீலப் பொடி தூக்கலாக இருந்தால் 6500, சிவப்புப் பொடி தூக்கலாக இருந்தால் 2700. அதாவது அந்த எண், கலவை நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும் என்பது பள்ளிப் பாடம். அதனால் இரண்டு குழாயிலும் ஒளிச்சேர்க்கை நடக்கும். ஆனால் நீலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்டு நீள்வதை அது அடக்கும். நாற்றுக்கும் கீரைக்கும் 6500 என்று சொன்னது அதனால்தான். பூக்கும் செடியென்றால் 6500 ஒன்றும் 2700 ஒன்றுமாகச் சேர்த்துப் போடலாம்.

இதில் எனக்கு அலுக்காத பகுதி சிவப்பின் கதை. 1952-ல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர், இருட்டில் முளைக்க மறுக்கும் லெட்டூஸ் (சாலட்டுக்குப் போடும் கீரை) விதைகளை ஊறவைத்துச் சிறிது நேரம் சிவப்பு ஒளி காட்டினார்கள். பெரும்பாலானவை முளைத்தன. சிவப்புக்குப் பின் தூரச் சிவப்பு (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரிவது) காட்டியபோது முளைப்பு நின்றது. மறுபடி சிவப்பு, முளைத்தது. இப்படி மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதன்படியே விதை நடந்துகொண்டது!

காரணம் ஃபைட்டோகுரோம் என்ற புரதம். அதன் மடிப்புக்குள் ஒரு நிறமி இருக்கிறது. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டதும், அந்த நிறமியில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பைச் சுற்றி ஒரு வளையம் திரும்பிக்கொள்ளும். அவ்வளவுதான், புரதத்தின் வடிவமே மாறிவிடும். 730 நானோமீட்டர் தூரச் சிவப்பு பட்டால் வளையம் பழையபடி திரும்பிவிடும். சிவப்பால் மாறிய வடிவம் செல்லின் உட்கருவுக்குள் போய், தண்டை நீளச் சொல்லும் புரதங்களை அழிக்க வைக்கிறது.

இதனால் செடிக்கு என்ன லாபம்? இலை சிவப்பை உறிஞ்சிவிட்டுத் தூரச் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். எனவே தன்மேல் விழும் ஒளியில் தூரச் சிவப்பு மிகுந்தால், பக்கத்தில் இன்னொரு செடி மறைக்கிறது என்று பொருள். உடனே தண்டை நீட்டி வெளிச்சத்தைத் தேடும். நெருக்கி விதைத்த கீரை ஒல்லியாக உயர்வது இப்படித்தான். கட்டட நிழல் வேறு வகை. அங்கே வெளிச்சத்தின் அளவே குறைவு, நீலமும் போதாது. அப்போதும் தண்டு நீளும்.

குண்டு பல்பில் தூரச் சிவப்பு ஏராளம், ட்யூப்லைட்டில் மிகக் குறைவு. அதனால்தான் ட்யூப்லைட்டின் கீழ் செடி குட்டையாக, கட்டாக வளர்கிறது.

லெட்டூஸ் விதைக்கு விளக்கடித்துப் பார்க்க அரசுப் பணமா என்று அன்று யாராவது மறித்திருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்காது. உடனடிப் பயன் கேட்காமல் இப்படிப்பட்ட ஆய்வுக்கு நம் அரசுகளும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வீட்டு வேலைக்கு வருவோம். அட்டையில் உள்ள லூமனை நம்பி வாங்காதீர்கள். அது மனிதக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பச்சைக்கு அதிக மதிப்புக் கொடுத்துப் போட்ட கணக்கு. நிறத்தைவிடத் தூரம் முக்கியம். சென்னையின் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வரை போகும், ட்யூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ்தான். எனவே குழாயைக் கூரையில் மாட்டாமல், நாற்றின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துங்கள். தினம் 14 மணி நேரம் எரியட்டும், அப்புறம் அணைத்துவிடுங்கள். கடையில் பாதரசக் குழாய் கிடைக்காமல் எல்இடி ட்யூப்தான் இருந்தாலும் 6500-ஐயே கேளுங்கள். நீல ஒளி தரும் சில்லின் மேல் பொடி பூசிச் செய்வது அது. அதிலும் நீலம் தாராளம், தூரச் சிவப்பு சொற்பம்.