வரைபடத்தில் 1.2 மில்லிமீட்டர்

"மணல் சும்மாதானே கிடக்கு, நடைபாதை போட்டா என்ன?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மீனவர் ஊருக்கு முன்னால் வரும் அழகுபடுத்தும் திட்டம் எதுவானாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறது.

சித்திரை மாதம் பகல் பதினோரு மணிக்குக் காரில் வந்து பார்த்தால் சும்மாதான் கிடக்கும். அதே இடத்துக்கு ஐப்பசியில் வாருங்கள். வாடைக்காற்றில் கடல் கரையை அரித்து, சில ஊர்களில் மணல் பாதியாகிவிடும். 30 அடி ஃபைபர் படகை எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். அந்த மேட்டில்தான் இப்போது கிரானைட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கரையில் நின்றபடி இழுக்கும் கரைவலைக்கு இன்னும் சிக்கல். இரண்டு கயிறு, இரண்டு கூட்டம், நடுவே சில நூறு மீட்டர். இழுக்க இழுக்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி நடக்கும். இடையில் ஒரு விளக்குக் கம்பம் நட்டால் போதும், அந்த இடத்தில் கரைவலை முடிந்தது.

அடுத்த பல்லவி, "புறம்போக்குதானே!" புறம்போக்கு என்றால் ஆளில்லாத நிலம் அல்ல, ஐயா. பொதுப் பயன்பாட்டுக்கென்று வரி விதிக்காமல் ஒதுக்கிய நிலம். வலை காயப்போடுவதும் பொதுப் பயன்பாடுதான்.

கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வரையறுக்கும் மத்திய அரசின் 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் இரண்டுமே மீனவர் ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும், கருவாடு காயவைக்கும் தளம் உட்பட, நிலஅளவை வரைபடத்தில் காட்டச் சொல்கின்றன. பலரும் பார்ப்பதோ 1:25,000 வரைபடம். அதில் 30 மீட்டர் மணல் 1.2 மில்லிமீட்டர், பேனா கோட்டுக்குள் ஊரே மறைந்துவிடும். 1:4,000 அளவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு, 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதில் உங்கள் இடம் இல்லையென்றால் கத்தாதீர்கள், அளந்து காட்டுங்கள். படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியே போதும். எல்லையைச் சுற்றி நடந்து 50 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் தேதியோடு படம். சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. ஒரே ஒருமுறை அளந்துவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.

மீனவர்கள் தாங்களே நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்தின் தீர்மானத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறார்கள். ஊருக்குள் அதற்கு மதிப்பு உண்டு. அரசுக் கோப்பில் நிற்பது கிராம சபைத் தீர்மானம். மாவட்டக் கடலோர மண்டலக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று கேளுங்கள்.

நிதி இல்லாமல் இல்லை. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 20,050 கோடி ரூபாய். மீன் இறங்குதளமோ ஏலக்கூடமோ கேட்டால், நிலம் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது என்ற இடத்தில் கோப்பு முடங்குகிறது. ஆகவே முதலில் நிலப் பதிவு, பிறகு கட்டட மனு. கட்டிய பின் கரண்ட் பில்லும் சாக்கடை அடைப்பும் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கேட்கும் ஊர்கள் வடக்கே அடுத்த ஊரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது; இங்கே தடுத்தால் அங்கே அரிக்கும்.)

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. போகும்போது பெண்களையும் அழைத்துப் போங்கள். நெத்திலி எங்கே காய்கிறது என்பது ஆண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.